திங்கட்கிழமை மாத்திரை: ஒரு நாக்குப் புண்ணின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளியின் ஊர், மருத்துவமனை, தேதிகள் எதையும் சொல்லவில்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று ஓரிரு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஸ்லைடில் பார்த்ததையும், முடிவுகளை எந்த வரிசையில் எடுத்தோம் என்பதையும் அப்படியே வைத்திருக்கிறேன். நோயாளியும் அவர் மகளும் எழுதச் சம்மதித்தார்கள். மகள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா மேல தப்புன்னு மட்டும் எழுதிராதீங்க மேடம்."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பின்னணி

நோயாளிக்கு 66 வயது. தென் மாவட்டம் ஒன்றில் நாற்பது வருடம் பீடி சுற்றியவர். இடது பக்க நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்து இரண்டு மாதமாக ஆறவில்லை. முதலில் பார்த்த பல் மருத்துவர், கூரான கடைவாய்ப் பல் ஒன்று உரசுவதாக நினைத்து அதை ராவிவிட்டு, தடவ ஜெல் கொடுத்தார். அது நியாயமான முடிவுதான். மூன்று வாரம் கழித்தும் புண் அப்படியே இருந்ததால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே பயாப்சி எடுத்தார்கள்.

நம் ஊரில் வாயில் ஆறாத புண் என்றதும் எல்லோர் மனதிலும் முதலில் வருவது புகையிலைப் புற்றுதான். அப்படி வருவதும் சரிதான், பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். இவர் வெற்றிலை போடுவார், புகையிலை சேர்ப்பதில்லை. ஆனாலும் பயாப்சியோடு வந்த படிவத்தில் 'பீடித் தொழிலாளி' என்று எழுதி, அதன் கீழே அழுத்தி ஒரு கோடும் போட்டிருந்தார்கள். மருந்து விவரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

உள்ளூர் ஆய்வகத்தின் அறிக்கை எல்லோரையும் கொஞ்சம் திகைக்க வைத்தது. எதிர்பார்த்த செதிள்செல் புற்று அதில் இல்லை. புண்ணுக்கு அடியில் பெரிய, ஒழுங்கற்ற லிம்போசைட்டுகள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) இருந்தன. சாயச் சோதனையில், பி செல் என்ற லிம்போசைட்டு வகையின் அடையாளமான சிடி20 பாசிட்டிவ், கிளர்ந்த செல்லின் அடையாளமான சிடி30 பாசிட்டிவ், செல் பெருகும் வேகம் மிக அதிகம். 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா' என்று முடித்திருந்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய்களில் அடிக்கடி வரும், வேகமாக வளரும் வகை இது. நோயாளியைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆறு சுற்று 'ஆர்-சாப்' என்ற கூட்டு மருந்துக் கீமோ என்று திட்டமிட்டு, முதல் சுற்றுக்கு ஒரு வியாழக்கிழமையும் குறித்தாகிவிட்டது.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே லிம்போமா என்று சொல்லி வரும் எந்த பயாப்சியையும் இன்னொரு பெத்தாலஜிஸ்ட் (திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்) பார்க்காமல் கீமோ தொடங்க மாட்டார்கள். அப்படித்தான் பிளாக்குகள், அதாவது மெழுகில் பதித்த திசுத் துண்டுகள், என் மேசைக்கு வந்தன. கையில் ஒன்பது நாள் இருந்தது.

என் பக்கத்துப் பின்னணியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்த நிகழ்வில் உதவவும் செய்தது, உறுத்தவும் செய்தது. 1990களில் மேற்படிப்பு படித்தபோது என் ஆய்வேட்டுக்காக ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற இன்னொரு வகை நிணநீர்ப் புற்றின் பிளாக்குகளில், எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் உண்டாக்கும் எல்.எம்.பி.1 புரதத்தைத் தேடி எண்ணிக்கொண்டிருந்தேன். கழுத்தில் நெறிகட்டினால் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு எங்களுக்கு வந்த பிளாக்குகள் அதில் நிறைய. நம் நாட்டுக் குழந்தைகளின் ஹாட்ஜ்கின் கட்டிகளில் இந்த வைரஸ் மேலை நாடுகளைவிட அதிகம் இருக்கும். சாயம் ஏற ஏற பழுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே வரும். அப்புறம் எச்.ஐ.வி. லிம்போமாக்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில். அரசின் இலவச எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. இடைப்பட்ட வருடங்களில் தாடையிலும் ஈறிலும் பிளாஸ்மாபிளாஸ்டிக் என்ற லிம்போமா வகையோடு வந்தவர்களின் ஸ்லைடுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஆக, வாய்க்குள் ஒரு லிம்போமா என்றால் என் கை தானாகவே எப்ஸ்டீன்-பார் வைரஸ் சோதனைக்குப் போகும். முப்பது வருடப் பழக்கம்.

முதல் நாள்: நுண்ணோக்கியில்

நான் முதலில் எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் பார்ப்பேன். மாணவர்கள் நேரே நாற்பது மடங்கு லென்சுக்குத் தாவிவிடுவார்கள், பெரிய செல்லைப் பார்க்கும் ஆசையில். நான்கில் பார்த்தால்தான் ஒரு கட்டியின் நடத்தை தெரியும்: எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, பக்கத்தில் இருப்பதை என்ன செய்கிறது.

இந்தப் புண் நின்றிருந்தது. முதலில் கண்ணில் பட்டது அதுதான். மேலே தோலுறை உரிந்து சீழ் படிந்த பரப்பு. அதன் கீழே பெரிய செல்கள், பிளாஸ்மா செல்கள், ஈயோசினோஃபில்கள், ஹிஸ்டியோசைட்டுகள் என்று அழற்சியில் கூடும் செல்கள் எல்லாம் கலந்து கிடந்தன. அதற்கும் கீழே, நாக்கின் தசை தொடங்கும் இடத்தில், சின்ன லிம்போசைட்டுகள் நெருக்கமாகக் கூடி ஒரு பட்டைபோல் நின்றன. வயலுக்கு வரப்பு கட்டியதுபோல் இருந்தது. பெரிய பி செல் லிம்போமா பொதுவாக இப்படி அடங்கி நிற்காது. தசைநார்களைப் பிரித்துக்கொண்டு உள்ளே போகும்.

பெரிய செல்களில் சில இரட்டை உட்கருவோடு, அசப்பில் ஹாட்ஜ்கினின் அடையாளமான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்போல் இருந்தன. இதுவே கழுத்து நெறிக்கட்டியாக இருந்தால் ஹாட்ஜ்கின் என்று எழுதியிருப்பேன். ஹாட்ஜ்கின் நாக்கில் தொடங்குவது மிக அரிது.

வெளி ஆய்வகம் செய்த சாயங்களில் தவறு இல்லை. சிடி20 பாசிட்டிவ்தான். ஆனால் சில செல்களில் அடர்த்தியாகவும் சிலவற்றில் மங்கலாகவும் இருந்தது. நாங்கள் மேலும் சில சாயங்களைப் போட்டோம். பாக்ஸ்5 வந்தது, ஆகவே பி செல்தான். ஹாட்ஜ்கினில் பொதுவாக வரும் சிடி15 வரவில்லை. அடியில் இருந்த வரப்பு முழுக்க டி லிம்போசைட்டுகள், அதிலும் தொற்றுள்ள செல்லைக் கொல்லும் சிடி8 வகை அதிகம். எல்.எம்.பி.1 பெரிய செல்களில் தெளிவாக ஏறியது.

ஈபர் சோதனை மட்டும் நெகட்டிவ் என்று வந்தது.

ஈபர் என்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ் தான் குடியிருக்கும் செல்லுக்குள் லட்சக்கணக்கில் செய்து குவிக்கும் சின்ன ஆர்.என்.ஏ. துண்டு. வைரஸ் எவ்வளவு பதுங்கிக் கிடந்தாலும் இதை உற்பத்தி செய்யாமல் இருப்பது அரிது. அதனால்தான் திசுவில் இந்த வைரஸைத் தேட இதையே நம்புகிறோம். எல்.எம்.பி.1 இருக்கிறது, ஈபர் இல்லை என்றால் கணக்கு உதைக்கிறது. டெக்னீஷியனிடம் கன்ட்ரோல் ஸ்லைடைக் கேட்டேன். ஒவ்வொரு ஈபர் சோதனையோடும், அந்தத் திசுவில் ஆர்.என்.ஏ. சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஸ்லைடும் போட வேண்டும். போட்டிருந்தார். அதுவும் வெளுத்துப்போய் இருந்தது. ஆக, அது நெகட்டிவே அல்ல, வேலை செய்யாத சோதனை. நாங்கள் பயன்படுத்தியது, வெளி ஆய்வகம் சில வாரங்களுக்கு முன்பே வெட்டி அனுப்பிய சாயமேற்றாத ஸ்லைடுகளை. பிளாக்கிலிருந்து புதிதாக வெட்டி, என்சைம் நேரத்தையும் மாற்றி, திரும்பச் செய்யச் சொன்னேன். இரண்டு நாள் போயிற்று.

வீணாகிவிட்டது என்று தள்ளிவிட நினைக்கும் மாதிரியை இன்னொரு தரம் பார்ப்பது இந்த வைரஸின் கதையில் தொடக்கத்திலிருந்தே உண்டு. டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1958இல் விவரித்த ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து, உகாண்டாவிலிருந்து லண்டனுக்கு, ஆண்டனி எப்ஸ்டீனிடம் துண்டுகள் வந்துகொண்டிருந்தன. 1963 டிசம்பரில் வந்த ஒன்று, பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டுத் தாமதமாகச் சேர்ந்தது. துண்டு மிதந்த திரவம் கலங்கியிருந்தது. கிருமி விழுந்துவிட்டது என்று கொட்டிவிடாமல் எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். கலங்கலாகத் தெரிந்தது கட்டியிலிருந்து உதிர்ந்து மிதந்த உயிருள்ள லிம்போமா செல்கள். அவற்றை வளர்த்து, 1964இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைப் பார்த்தார்கள். மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரியவந்த முதல் வைரஸ் அதுதான்.

எங்கள் இரண்டாவது ஈபர் கரும்பழுப்பாக ஏறியது. பெரிய செல்களில் மட்டுமில்லை, நடுத்தரச் செல்களிலும் சின்னச் செல்களிலும்கூட இருந்தது. எனக்கு இதுதான் பெரிய தடயம். சுத்தமான லிம்போமா என்றால் ஒரே மாதிரிச் செல் கூட்டமாக ஏறும். இங்கே எல்லா அளவிலும் ஏறியிருந்தது. எதிர்ப்புச் சக்தியின் காவல் தளர்ந்த ஒரு மூலையில் வைரஸ் தாங்கிய பி செல்கள் வளரப் பார்க்கின்றன என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள்: ஒரு புகைப்படம்

வைரஸ் இருக்கிறது என்பது மட்டும் நோயைச் சொல்லிவிடாது. உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறோம். நம் ஊரில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே, அம்மா மென்று ஊட்டிய சோற்றிலோ ஒரே தம்ளரிலோ எச்சில் வழியாக வந்துவிடுகிறது. பி செல்லுக்குள் அது சாகும்வரை இருக்கும், டி செல்கள் அதைக் காவல் காக்கும். புண்ணில் அது தலைதூக்கியிருக்கிறது என்றால், காவலுக்கு என்ன ஆயிற்று?

எச்.ஐ.வி. நெகட்டிவ். சர்க்கரை இல்லை. உறுப்பு மாற்று இல்லை. கோப்பில் மருந்து விவரம் என்று இருந்த ஒரே வரி: 'ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின்'. வயது 66. வயதாலேயே காவல் தளரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு 66 கொஞ்சம் முன்கூட்டியே என்று பட்டது.

புண்ணின் படம் இருக்கிறதா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். வாட்ஸாப்பில் அனுப்பினார். நாக்கின் இடது ஓரம், இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும், ஓரங்கள் வெட்டினாற்போல் தெளிவு. புண்ணை நன்றாகப் பார்த்துவிட்டு மூடப் போனேன். அப்போதுதான் படத்தின் மூலையைக் கவனித்தேன். நோயாளியே தன் உதட்டை விரலால் இழுத்துப் பிடித்திருந்தார். ஆள்காட்டி விரலின் நடுக்கணு பின்பக்கம் வளைந்து, நுனி முன்னால் மடங்கி, அன்னத்தின் கழுத்துபோல் இருந்தது. விரல் மொத்தமும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருந்தது.

நாற்பது வருடம் பீடி சுற்றினாலும் விரல் அப்படி வளையாது. அது ரூமட்டாய்டு மூட்டுவாதத்தின் கை.

மகளின் எண்ணை வாங்கி நானே பேசினேன். பெத்தாலஜிஸ்ட்கள் நோயாளியிடம் பேசுவது வழக்கமில்லை. எங்கள் துறையை எடுத்ததற்கு அதையே காரணமாகச் சொல்பவர்களும் உண்டு.

"அம்மாவுக்கு மூட்டுவலி உண்டா?"

"ஆமா மேடம், ரொம்ப வருசமா. பீடி சுத்துறதையே அதனாலதான் விட்டாங்க."

"அதுக்கு மாத்திரை எதுவும் எடுக்கிறாங்களா?"

"தெனமும்னா பிரஷர் மாத்திர மட்டுந்தான். அந்தத் திங்கக்கெழம மாத்திர இருக்குல்லா, அது வேற."

மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை, திங்கட்கிழமை ராத்திரி ஆறு. செவ்வாய்க்கிழமை ஒன்று, அது ஃபோலிக் அமிலம். பதினொரு வருடமாக இப்படித்தான். பெரிய ஊரில் ஒரு மூட்டுவாத மருத்துவர் எழுதித் தந்தது. மூன்று வருடமாக அவரிடம் போகவில்லை. வலி அடங்கியிருந்ததால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொண்டிருந்தார்கள். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மெத்தோட்ரெக்சேட், 2.5 மில்லிகிராம். எதிர்ப்புச் சக்தியை அடக்கி மூட்டுவாதத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து. ஆறு மாத்திரை என்றால் வாரம் பதினைந்து மில்லிகிராம்.

பல் மருத்துவர், அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவமனையின் நர்ஸ், மயக்க மருத்துவர் என்று நான்கு பேர் அவரிடம் மருந்து பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான்கு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" அவர் நான்கு தரமும் உண்மையைத்தான் சொன்னார்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

இப்படி வரும் புண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் வாய், தோல், குடல் ஆகிய இடங்களில், தெளிவான ஓரத்தோடு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தாங்கிய பி செல்களால் வரும் தனிப்புண்களை 2010இல் 26 பேரிடம் ஆராய்ந்து தனி நோயாக விவரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2016 திருத்தத்தில் அதைத் தற்காலிகமாகச் சேர்த்தது. 2022இல் முழு இடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'மியூகோக்யூட்டேனியஸ் அல்சர்', சளிச்சவ்வு-தோல் புண் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். நுண்ணோக்கியில் லிம்போமா மாதிரியே இருக்கும். எதிர்ப்புச் சக்தியைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

மருந்தைக் குறைத்தால் லிம்போமா கரையும் என்பது அதற்கும் பழைய செய்தி. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் இதை 1984இலேயே தாமஸ் ஸ்டார்ஸில் குழுவினர் காட்டினார்கள். மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களிடம் வைரஸோடு வந்த லிம்போமா, மாத்திரையை நிறுத்தியதும் மறைந்ததாக 1993இல் கட்டுரை வந்தது.

மெத்தோட்ரெக்சேட்டே நேரடியாக வாய்ப்புண் தரும் என்பதையும் யோசித்தோம். அந்தப் புண்கள் பொதுவாகப் பலவாக, மேலோட்டமாக வரும், ரத்த அணுக்களும் குறையும். இவருக்கு ஒரே ஆழமான புண், ரத்த எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஏழாம் நாள் ஒரு கலந்தாய்வு. புற்றுநோய் மருத்துவர், புதிதாகச் சேர்த்துக்கொண்ட மூட்டுவாத மருத்துவர், அறுவை மருத்துவர், நான். புற்றுநோய் மருத்துவர் கேட்டது சரியான கேள்வி: "நீங்க தப்பா இருந்தா? வேகமா வளர்ற லிம்போமாவுக்கு ஒரு மாசம் கொடுத்த மாதிரி ஆயிடுமே." நுண்ணோக்கியை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. வைரஸ் பாசிட்டிவ் லார்ஜ் பி செல் லிம்போமாவும் இதுவும் ஸ்லைடில் அக்காதங்கை மாதிரி. என் பக்கம் இருந்தவை: ஒரே புண், வரப்புபோல் நின்ற டி செல்கள், எல்லா அளவுச் செல்லிலும் ஈபர், நிறுத்தக்கூடிய ஒரு மருந்து. உடல் முழுக்கப் புற்றைத் தேடும் பெட் சி.டி. ஸ்கேனில் நாக்கைத் தவிர வேறெங்கும் ஒளிரவில்லை. லிம்போமாவில் ஏறக்கூடிய எல்.டி.எச். என்ற ரத்த அளவு சரியாக இருந்தது. காய்ச்சலோ எடைக்குறைவோ இல்லை. ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. அகப்படவில்லை. இந்தப் புண்ணில் அப்படித்தான் இருக்கும். பரவிய லிம்போமாவில் பொதுவாக ஏறியிருக்கும்.

மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு நான்கு வாரம் காத்திருப்பது என்று முடிவாயிற்று. வாரம் ஒரு முறை அதே அறுவை மருத்துவர், அதே அளவுகோலோடு பார்த்துப் படம் எடுப்பார். புண் பெரிதானாலோ, கழுத்தில் நெறிகட்டினாலோ, நான்கு வாரத்தில் சிறுக்காமலே இருந்தாலோ மறுபடி பயாப்சி, கூடவே சிகிச்சை. எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவைத்தது நல்லதாயிற்று. புற்றுநோய் மருத்துவர் சம்மதித்தது அதனால்தான்.

குடும்பத்துக்குச் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து பேசினார். "போன வாரம் கேன்சர்னு சொன்னீங்க. கீமோவுக்குப் பணம் பிரட்டியாச்சு. இப்ப மாத்திரைய நிறுத்துனா போதும்கிறீங்க. எதை நம்புறது?" அதில் இருந்த கோபம் நியாயமானது. முதல் அறிக்கை கவனக்குறைவால் வந்ததில்லை, அவர்களுக்குக் கிடைத்த தகவலில் அப்படித்தான் வரும் என்றேன். நான்கு வாரத்தில் புண்ணே பதில் சொல்லும், அதுவரை கீமோவை ரத்து செய்யவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறோம் என்றும் சொன்னேன். 'தள்ளி வைத்திருக்கிறோம்' என்றதும்தான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

தொடர்ந்து நடந்தது

முதல் வாரம் மாற்றமே இல்லை. எனக்கு அந்த வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை. இரண்டாம் வாரம் வலி குறைந்தது. இட்லியைக் கரைத்துக் குடித்தவர் புட்டாகச் சாப்பிட்டார் என்று மகள் சொன்னார். 24 மில்லிமீட்டர் இருந்த புண் 18 ஆனது. நான்காம் வாரம் 11. கீமோ தேதியை அன்றைக்கு ரத்து செய்தார்கள்.

ஐந்தாம் வாரம் மூட்டுகள் கிளம்பின. இரண்டு மணிக்கட்டும் வீங்கி, காபித் தம்ளரைப் பிடிக்க முடியாமல் போயிற்று. மூட்டுவாத மருத்துவர் இதை எதிர்பார்த்து முதல் வாரத்திலேயே ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் தொடங்கியிருந்தார், ஆனால் அவை வேலை செய்ய மாதங்கள் ஆகும். இடைக்காலத்துக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஆறிக்கொண்டு வருகிற புண்ணில் மறுபடி காவலைக் குறைப்பதா என்ற பயம். அவர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், நீங்க ஸ்லைடைப் பாக்குறீங்க, நான் கக்கூசுக்குப் போக முடியாத அம்மாவைப் பாக்குறேன்." ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோன், ஆறு வாரம். புண் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் சொன்னதுதான் சரி.

பத்தாம் வாரம் புண் மூடி, வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. பன்னிரண்டாம் வாரம் அந்தத் தழும்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்தார்கள். ஈபர் இல்லை, இந்தத் தரம் கன்ட்ரோலை நானே முதலில் பார்த்தேன். இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, திரும்ப வரவில்லை. மூட்டு முழுதாக அடங்கவில்லை, மெத்தோட்ரெக்சேட் அளவுக்கு மற்றவை கேட்கவில்லை. அவர் அதை ஒரு குறையாகவே சொல்கிறார், நாங்களும் மறுக்க முடியாது.

எல்லாப் புண்ணும் இப்படி மருந்தை நிறுத்தினதும் ஆறிவிடாது. சிலருக்குப் பி செல்லைக் குறிவைக்கும் ரிடுக்சிமாப் மருந்து தேவைப்படும், சிலருக்குக் கதிர்வீச்சு. ஒரு சிலருக்கு அது உண்மையான லிம்போமாவாகவே மாறும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. லட்சக்கணக்கானவர்களின் மூட்டைக் காப்பாற்றிவரும் மருந்து அது, இந்தப் புண் அரிதிலும் அரிது.

பழைய பிளாக்

இந்த நோயாளி தேறி வந்த மாதத்தில் அலமாரியிலிருந்து 2007ஆம் வருடத்துப் பிளாக் ஒன்றை எடுத்தேன். 71 வயது ஆண், அண்ணத்தில் ஒரு புண். அறிக்கை என் கையெழுத்தில்: வைரஸ் பாசிட்டிவ் லார்ஜ் பி செல் லிம்போமா. அப்போது அதை ஒரு ஆராய்ச்சிக் கூட்டத்தில் படமாகப் போட்டுக் காட்டியதும் நினைவிருக்கிறது; ஈபர் அவ்வளவு அழகாக ஏறியிருந்தது. அவருக்குக் கீமோ கொடுத்தார்கள். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு வெள்ளணு இறங்கி, கிருமித் தொற்றில் இறந்துவிட்டார்.

புதிதாக வெட்டி, டி செல் சாயம் போட்டேன். அடியில் வரப்பு இருந்தது. அந்த அம்மாவின் புண்ணில் இருந்தது மாதிரி கட்டுக்கோப்பாக இல்லை, ஒரு பக்கம் உடைந்திருந்தது, ஆனால் இருந்தது. அவர் என்ன மருந்து எடுத்தார் என்று தேடினேன். மருத்துவமனைக் கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது. பயாப்சியோடு வந்த ரிக்விசிஷன் படிவத்தில் இரண்டே வார்த்தை: 'அண்ணப் புண்'. ஆகவே அது எந்த நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. லிம்போமாவாகவே இருந்திருக்கலாம். 2007இல் இந்தப் புண்ணுக்குத் தனிப்பெயர் கிடையாது என்பதும் உண்மை.

ஆனால் 1993 கட்டுரை என் ஆய்வேட்டிலேயே மேற்கோளாக இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் கரையும் லிம்போமா உண்டு என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் யாருக்கும் போன் செய்யவில்லை. வைரஸைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் கேள்வி முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன்.

மாறியதும் மாறாததும்

எங்கள் அறிக்கையில் இப்போது ஒரு விதி: ஈபர் பாசிட்டிவான எந்த லிம்போமாவுக்கும், எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்ற வரியை நிரப்பாமல் கையெழுத்து போடுவதில்லை. காரணம் அகப்படவில்லை என்றால், யாரிடம் கேட்டோம் என்பதையாவது எழுத வேண்டும். ஈபர் கன்ட்ரோலின் தரமும் அறிக்கையில் வருகிறது. வாய்க்குள் வரும் லிம்போமா என்றால் புண்ணோடு இரண்டு கைகளையும் படம் எடுத்து அனுப்பக் கேட்கிறோம். இதைச் சில அறுவை மருத்துவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள், இருக்கட்டும்.

ரிக்விசிஷன் படிவத்தையும் மாற்றினோம். 'மருந்துகள்' என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, தினமும் எடுப்பது, வாரம் ஒரு நாள் எடுப்பது, மாதம் ஒரு முறை ஊசியாகப் போடுவது, நாட்டு மருந்து என்று நான்காகப் பிரித்தோம். உண்மையைச் சொன்னால் படிவம் இன்னும் காலியாகத்தான் வருகிறது. முன்பு ஒரு கட்டம் காலியாக வந்தது, இப்போது நான்கு.

அதனால் எங்கள் டெக்னீஷியன் ஒருவர் சாயங்காலம் உட்கார்ந்து போன் செய்கிறார். "வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை ஏதாவது உண்டாம்மா?" என்று அதே வார்த்தைகளில் கேட்பார். நிறையப் பேர் யோசிக்காமலே ஆமாம் என்கிறார்கள். நாங்கள் பரபரப்போடு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். இதுவரை வந்த படங்களில் முக்கால்வாசி வைட்டமின் டி.